சுவரில் ஒன்பது அங்குலம்

2006 ஆவணி. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணி இருபது. பரந்தன் சந்தியில் நான் முதலில் பார்த்தது, பளைக்குப் போன பேருந்து திரும்பி வந்து நின்றதை. அதே பேருந்துதான். ஐந்து மணிக்குக் கிளிநொச்சியில் பத்திரிகை அலுவலக வாசலில் நின்று அது வடக்கே போவதைப் பார்த்திருந்தேன். முன் வாசலுக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் ஒருவர் மடியில் பலாப்பழத்தோடு இருந்தார். இப்போதும் அதே இருக்கையில் அதே பழத்தோடு இருந்தார்.

சைக்கிளை விட்டு இறங்கி நடத்துனரிடம் கேட்டேன்.

"பளைக்குப் போகேல்லையோ?"

"இயக்கச்சிச் சந்தியோட திருப்பிப்போட்டாங்கள் அண்ணை. அங்கால ஷெல் சத்தம்."

"எங்க சத்தம்?"

"முகமாலையாம்."

பலாப்பழக்காரர் யன்னலால் தலையை நீட்டினார். "அப்ப நான் எங்க இறங்கிறது?"

"பழத்தை இப்பிடித் தாங்கோ ஐயா," என்றார் நடத்துனர். "எல்லாருமா வெட்டித் திண்டுபோட்டு யோசிப்பம்."

உள்ளே சிலர் சிரித்தார்கள். சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. என் மனைவி முகமாலைச் சோதனைச்சாவடிக்கு அங்காலே, இராணுவப் பக்கத்தில், சாவகச்சேரியில் இருந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அவளுடைய தங்கைக்கு முதல் பிள்ளை. தாய் இல்லாத வீடு. பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள். வரும் திங்கட்கிழமை திரும்பி வருவதாக இருந்தது. திங்கட்கிழமை என்று சொன்னது நான்.

வீட்டுக்கு வந்து விளக்கைக் கொளுத்தியபோது எதிர்ச்சுவரில் மேப் அட்டை தெரிந்தது. பரந்தனில் ஓர் ஊசி. சாவகச்சேரியில் ஓர் ஊசி. இடையில் ஒன்பது அங்குலம்.

அந்த அட்டையைச் செய்தது 2003இல். போர்நிறுத்தத்தில் ஏ-ஒன்பது வீதி திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதுவரை எங்களுக்குத் தெரிந்த பயணம் என்பது சாமான்களோடு ஓடுவது. இப்போது ஆட்கள் கைப்பையோடு போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். நாங்களும் போனோம். யாழ்ப்பாணம், வவுனியா, முல்லைத்தீவுக் கடற்கரை, ஒருமுறை பூநகரி. ஒவ்வொரு முறையும் அவள் பேருந்துச் சீட்டுத் துண்டுகளைத் தையல் மெசின் இழுப்பறைக்குள் போட்டு வைத்தாள். அந்த இழுப்பறை இழுக்க முடியாமல் இறுகிய நாளில்தான் அந்த யோசனை சொன்னாள்.

"ஒரு பெரிய மேப் கீறிச் சுவரில அடிப்பம். போன இடமெல்லாம் ஊசி குத்துவம்."

"கடையில வாங்கலாமே."

"கடை மேப்பில எங்கட ஒழுங்கை இருக்குமோ?"

அவள் வீட்டில் இருந்து சட்டை தைப்பவள். படத்தைப் பெருப்பிக்கும் விதம் அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் சிறிய கட்டங்களுக்குள் இருக்கும் மாதிரியைப் பெரிய கட்டங்களுக்கு மாற்றித்தான் அவள் துணி வெட்டுவாள். பாடசாலை அட்லசில் இலங்கைப் பக்கத்தை எடுத்து, பென்சிலால் சின்னக் கட்டம் போட்டாள். பழைய கலண்டர்களின் பின்பக்க வெள்ளையில் பெரிய கட்டம் போட்டாள். ஒரு கட்டத்தில் கரை எங்கே உள்ளே வந்து எங்கே வெளியே போகிறது என்று நான் பார்த்துச் சொல்ல, அவள் தையல் சோக்கால் கீறினாள். கொக்கிளாயை அடைய நான்கு பின்னேரங்கள் எடுத்தன.

அட்டை சந்தியில் இருந்த மின்சாதனக் கடையில் கிடைத்தது. கடைக்காரர் முல்லைத்தீவு முஸ்லிம். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டவர், பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, வீதி திறந்ததும் தனியே வந்து கடை போட்டிருந்தார். குடும்பம் இன்னும் புத்தளத்தில். அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல் நாங்களும் அவரை நானா என்றோம். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையைப் பிரித்து மடித்துத் தந்துவிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"எங்க வரைக்கும் கீறுறீங்க தம்பி?"

"வவுனியா வரைக்கும் நானா."

"அப்ப என்ட மனிசி பிள்ளைகள் மேப்பில இல்ல."

"கீழ ஒரு அம்புக்குறி போடுறம்."

"அம்புக்குறியிலதான் பன்னிரண்டு வருசம் இருந்தம்," என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, கட்டுவதற்குக் கயிறும் தந்தார்.

வெட்டுவது என் தொழில். அலுவலகத்தில் ஒரு புகைப்படம் வந்தால் செய்திக்குத் தேவையில்லாத ஆளையும் மரத்தையும் வெட்டி எடுப்பேன். படத்தையும் அப்படித்தான் வெட்டக் கோடு போட்டேன். தெற்கே வவுனியாவோடு நிறுத்தினேன். கிழக்கே முல்லைத்தீவு தாண்டிக் கொஞ்சம் கடல். திருகோணமலை இருக்கட்டும் என்று அவள் சொன்னாள்.

"அங்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஆரும் இல்லை. கடல் பாக்கப் போகலாம்."

"கடல் முல்லைத்தீவிலயும் இருக்கு. தாள் வீண்."

அவள் மறுக்கவில்லை. ஆனால் நான் வெட்டச் சொன்ன கோட்டில் வெட்டாமல், சுற்றிவர ஓர் அங்குலம் தள்ளி வெட்டினாள். சட்டைக்கும் அவள் அப்படித்தான் செய்வாள். உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைத்தால், பிள்ளை வளரும்போது பிரித்துப் பெருப்பிக்கலாம். "உது சட்டை இல்லை," என்றேன். "எதுக்கும் கிடக்கட்டும்," என்றாள்.

கோதுமை மாவைக் காய்ச்சி, கரப்பான் அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கரைத்து ஊற்றி ஒட்டினோம். ஈரத்தில் தாள் கொப்புளம் போட்டது. நான் குண்டூசியால் குத்திக் காற்றை எடுக்கப் பார்த்தேன். அவள் இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட்டுக்கொண்டு வந்து, படத்துக்கு மேல் துணி விரித்து, வடமராட்சியில் இருந்து கீழ்நோக்கித் தேய்த்தாள். பூநகரிக்கு மேற்கே கடலில் பெட்டி கொஞ்சம் கூட நேரம் நின்றுவிட்டது. உள்ளங்கை அகலத்தில் மண்ணிறம்.

"இது புதுத் தீவு," என்றாள். "என்ட சொந்தத் தீவு. ஒருத்தரும் பாஸ் கேக்கேலாது."

அட்டையைச் சுவரில் அடித்த பிறகு இரண்டு ஒழுங்குகள் வந்தன. முதலாவது அவளுடையது: போய்த் திரும்பி வந்த பிறகுதான் நூல் கட்டலாம். பரந்தனில் முடிச்சுப் போட்டு, போன இடத்து ஊசியைச் சுற்றி, திரும்பப் பரந்தனுக்குக் கொண்டுவந்து முடிய வேண்டும். ஒற்றை நூல் தளரும், இரட்டை நூல் நிற்கும் என்பது அவள் சொன்ன காரணம். சிவப்பு நூல்.

இரண்டாவது என்னுடையது. வன்னியின் வாசல்கள் இரண்டிலும், அதாவது தெற்கே ஓமந்தைச் சாவடியிலும் வடக்கே முகமாலைச் சாவடியிலும், உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் பென்சிலால் எழுதினேன். ஓமந்தை, உள்ளே 7.10, வெளியே 9.45. முகமாலை, உள்ளே 8.20, வெளியே 10.05. அவள் அதை வாசித்துவிட்டு, "செத்தவீட்டு அறிவித்தல் மாதிரிக் கிடக்கு," என்றாள். தானும் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். ஓமந்தைக்கு எதிரில்: "வெயில். நிக்க ஒரு மரம் இல்லை." முகமாலைக்கு எதிரில்: "பையைக் கிண்டின ஆமிப் பெட்டைக்கு என்ட வயசுதான் இருக்கும். தமிழில நன்றி சொன்னாள்." மூன்று வருடத்தில் அந்த அட்டையில் பதினான்கு இரட்டை நூல்கள் இருந்தன. வீட்டுக்கு வந்தவர்கள் கதிரையை அதற்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு கதைத்தார்கள்.

2006 ஆடித் தொடக்கத்தில் அவள் சாவகச்சேரிக்கு வெளிக்கிட்டாள். அப்போது வீதியில் சனம் குறைந்திருந்தது. பிள்ளை பிறந்தது. கிழமைக்கு ஒருமுறை சந்தியில் இருந்த தொலைபேசிக் கடையில் இருந்து, தங்கையின் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக் கதைத்தேன். வீதி மூடுவதற்கு மூன்று நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை, அவள்தான் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு வெளிக்கிட்டு வரட்டே?"

"ஏன், முப்பத்தொண்டு ஞாயிற்றுக்கிழமைதானே."

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும். வீடு கழுவி, பிள்ளைக்குத் தலைமயிர் எடுத்து, சொந்தக்காரருக்குச் சோறு கொடுப்பார்கள். தாய் இல்லாத பெண்ணுக்குத் தமக்கைதான் முன்னுக்கு நிற்க வேண்டும்.

"ஓம். ஆனா இஞ்ச சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. பாதை பூட்டுவினம் எண்டு."

"சனம் எப்பவும் கதைக்கும். இப்போதைக்குப் பூட்டமாட்டினம். சமாதானப் பேச்சுக்கு ஆள் வரப்போகினம், எங்களுக்குச் செய்தி வந்திருக்கு. ஞாயிறு முடிச்சுத் திங்கள் வாருமன்."

"நிச்சயமே?"

"நிச்சயம்."

"சரி. பேப்பர்காரர் சொன்னாச் சரிதான்."

அன்று காலை நான் திருத்திய செய்தியில் அப்படித்தான் இருந்தது. அதே மேசையில், உள்பக்கத்துக்கு ஒதுக்கிய இன்னொரு தாளில், முகமாலையில் லொறிகளைத் திருப்பி அனுப்புவதாக நான்கு வரி இருந்தது. அதையும் திருத்தியது நான்தான். ஒரு பத்தியின் அடியில் போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தொலைபேசி இல்லை. கடைக்காரப் பெண் இலக்கத்தை அழுத்தி வாங்கியை என் காதில் வைப்பாள். ஒரு சத்தமும் இருக்காது. இரண்டு கிழமை கழித்து, நிவாரண வாகனம் ஒன்றில் கடிதங்கள் கட்டாக வந்தன. உறை ஒட்டாத கடிதங்கள். அவளுடையது அரைப் பக்கம்.

"நான் சுகம். தங்கச்சியும் பிள்ளையும் சுகம். நாள் முழுக்க ஊரடங்கு. முப்பத்தொண்டு செய்யேல்லை. அலுமாரிக்கு மேல மூன்று சட்டை தைச்சபடி இருக்கு, ஆக்களிட்டைக் குடுங்கோ. நீலச் சட்டைக்குப் பொத்தான் இல்லை, சொல்லிக் குடுங்கோ. தலைவாசல் கதவுக்கு எண்ணெய் விடுங்கோ."

செவ்வாய்க்கிழமை பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான்கு தரம் வாசித்தேன். மூன்று சட்டைகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீலச் சட்டைக்காரி, "அக்கா எப்ப வருவா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பத்திரிகையில் வேலை செய்பவனிடம் அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நான் போகலாமா என்று பார்த்தேன். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டாவது முறை, மேசைக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தில் பிறந்த ஆண்டைப் பார்த்துவிட்டு, "உங்கட வயதுக்கு இப்ப இல்லை அண்ணை," என்று மரியாதையாகச் சொன்னார். படைக்கு ஆள் தேடிய காலம் அது; அவரோடு கோபிக்க ஒன்றும் இருக்கவில்லை.

புரட்டாதியில் இன்னொரு கடிதம் வந்தது. கப்பலுக்குப் பெயர் பதிந்திருப்பதாக எழுதியிருந்தாள். வடக்குக் கரையில் ஏறித் திருகோணமலையில் இறங்கி, வவுனியாவுக்கு வந்து, ஓமந்தையால் உள்ளே வருவது. "பதிந்த ஆக்கள் நிறைய. எப்ப கூப்பிடுவினம் எண்டு தெரியாது. திருகோணமலை மேப்பில இல்லை, என்ன?"

அட்டைக்கு முன்னால் போய் நின்றேன். விரலால் அந்த வழியைப் பிடித்துப் பார்த்தேன். பருத்தித்துறையில் இருந்து கீழே வந்த விரல் முல்லைத்தீவுக்குச் சற்றுக் கீழே அட்டையை விட்டு இறங்கிச் சுண்ணாம்புச் சுவருக்குப் போனது. திருகோணமலை அலுமாரிக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

அந்தக் கிழமை நானா கடையை மூடினார். குளிர்சாதனப் பெட்டிகள் வராமல் மாதக்கணக்காகியிருந்தது. மிச்சச் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் அட்டை கேட்டேன்.

"சவுக்காரப் பெட்டிதான் இருக்கு தம்பி. இப்ப என்ன கீறப்போறீங்க?"

"திருகோணமலை."

கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே விட்டார். "வீட்டுக்காரி கப்பலிலயோ?"

"பதிஞ்சிருக்கிறா."

"அப்பிடியே கீழால புத்தளத்தையும் போடுங்க. நானும் போறன்." இந்த முறை அவர் சிரிக்கவில்லை. பெட்டிகளை மடித்துக் கட்டித் தந்தார். கயிறு தந்தார். அடுத்த நாள் கடைக் கதவில் பூட்டு தொங்கியது.

அலுமாரியைத் தள்ளினேன். அவள் விட்டிருந்த அந்த ஓர் அங்குலத்தில்தான் புதிய அட்டையை ஒட்டினேன். அது இல்லாவிட்டால் ஒட்டுவதற்கு இடம் இருந்திராது. முல்லைத்தீவுக் கரைக்கு மேலேதான் ஒட்டியிருக்க வேண்டும். கட்டம் போட எனக்கு அவளைப்போல் வராது. என் திருகோணமலைத் துறைமுகம் பல்லில்லாத வாயைப் போல வந்தது. கடல் பெரிதாக இருந்தது. அந்தக் கடலில் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தானை ஊசியில் கோர்த்துச் சாவகச்சேரியில் குத்தி வைத்தேன். அலுவலகத்தில் கப்பல் பற்றிய செய்தி வந்த நாட்களில் வீட்டுக்கு வந்து பொத்தானைப் பார்ப்பேன். அசைப்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் அது அங்கேயே இருந்தது. கார்த்திகை மழையில் புதுத் தாள் ஈரம் பிடித்துக் கொப்புளம் போட்டது. இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

2007 மாசியில் ஒருநாள் தொலைபேசிக் கடைக்காரப் பெண் ஆள் அனுப்பினாள். வவுனியாவில் இருந்து அழைப்பு, பத்து நிமிடத்தில் திரும்ப எடுப்பார்களாம். சைக்கிளில் போனேன்.

"நான்தான்," என்றாள். குரல் அடைத்திருந்தது. "கப்பலில ரெண்டு நாளும் சத்தி. இப்பப் பரவாயில்லை. வவுனியாவில தெரிஞ்ச வீட்டில நிக்கிறன்."

"சாப்பிட்டீரோ?"

"ஓம்." பிறகு கேட்டாள்: "வரட்டே?"

அப்போது எனக்குத் தெரிந்தவை இவை. ஓமந்தையால் உள்ளே வருவது கடினம், ஆனால் முடியும். உள்ளே வந்தவர் வெளியே போக இரண்டு பக்கத்தின் அனுமதியும் வேண்டும். கிழக்கில் சண்டை முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்தது எங்கே என்று அலுவலகத்தில் ஒருவரும் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வராதே, வவுனியாவில் நில் என்று சொல்ல என்னிடம் போதிய காரணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தலைப்பும் போட்டிருப்பேன். போன ஆவணியில் நான் நிச்சயம் என்று சொன்ன அதே வாங்கி கையில் இருந்தது.

"இஞ்சருங்கோ, லைனில நிக்கிறியளோ?"

"நிக்கிறன்."

"வரட்டே எண்டு கேட்டனான்."

"உம்மட விருப்பம்."

அந்தப் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"போன முறை என்ட விருப்பத்தைக் கேக்கேல்லையே நீங்கள்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வவுனியாவில் நில் என்று சொல்ல அந்த இடத்திலும் நேரம் இருந்தது. கடைக்காரப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் மனைவி. "வெள்ளிக்கிழமை கேற் திறக்கிறாங்களாம். வாறன். கதவுக்கு எண்ணெய் விட்டனீங்களோ?"

"இல்லை."

"அது எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு இருபத்தைந்துக்கு, பலாப்பழக்காரர் இருந்த அதே சந்தியில், லொறி ஒன்றின் முன்னிருக்கையில் இருந்து இறங்கினாள். ஒரு பை. முழங்கைக்குக் கீழே மெலிந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, கதவு கிறீச்சிட்டதைக் கேட்டு, அதை இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். முகம் கழுவிவிட்டு அட்டைக்கு முன்னால் வந்து நின்றாள். பொத்தானைப் பார்த்தாள். கடலைத் தடவிப் பார்த்தாள்.

"கோணலா ஒட்டியிருக்கிறியள்."

"ஓம்."

"கடல் இவ்வளவு இல்லை." விரலைத் திருகோணமலை வரை கொண்டுபோய், "இருந்தது," என்றாள்.

அளவு நாடாவை எடுத்து வந்தாள். போன வழி ஒன்பது அங்குலம். வந்த வழியை ஊசி ஊசியாக அளந்தாள்: சாவகச்சேரி, பருத்தித்துறை, கடல், திருகோணமலை, வவுனியா, ஓமந்தை, பரந்தன். ஏழு அடி. போன நூலும் வந்த நூலும் ஒன்றோடொன்று சேராததால் முதல் தடவையாக ஒற்றை நூல் கட்ட வேண்டியிருந்தது. கட்டை விரலில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கடலுக்கு நடுவில் அது கொஞ்சம் தொய்ந்தது.

"நேரம் எழுதுங்கோ," என்றாள்.

ஓமந்தைக்குப் பக்கத்தில் நான் எழுதினேன்: வாசல் 8.15, உள்ளே 11.40. அவள் பென்சிலை வாங்கித் தன் வரியை எழுதினாள்: "இன்னும் மரம் இல்லை."

நாங்கள் இரண்டு பேரும் ஓமந்தையால் வெளியே வந்தது 2009 சித்திரையில், யுத்தம் முடியச் சில கிழமைகள் இருக்க, சனத்தோடு சனமாக. என்னிடம் மணிக்கூடு இருக்கவில்லை.